விசாகத்தன்று விதைத்த சோளம்

சோளத்தின் ஆண்பூக் கொண்டை விரிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம்வரை குருத்துக்குள் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்ததுதான், இன்றைக்கு வந்து பார்த்தால் பத்துக்கு ஒரு செடி கையை விரித்து நிற்கிறது. ஒன்றை விரலால் சுண்டினேன். தூள் விழுந்தது. சலித்த மாவு போல, மஞ்சளாக, என் முழங்கைமேல் விழுந்தது. மயிரில் ஒட்டியிருப்பது தெரிகிறது, விழுந்தது தெரியவில்லை. இது என் கைதானா என்று திருப்பிப் பார்த்தேன், தழும்பு இருந்தது, என்னுடையதுதான். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால் ஊருக்குள் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள், நாலும் நான் சொன்னது. மணி எட்டு இருக்கும். வாய்க்கால் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் என் சோளம், நாவல்பழ நிறத்தில் மணி பிடிக்கிற மக்காச்சோளம், சாயம் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் விதை கொடுத்து வளர்க்கச் சொன்னது. எனக்குப் பின்னால் வாய்க்கால், கருவேலம் புதர், அதற்கும் அந்தப் பக்கம் என் மகள் வசந்தாமணியின் சோளம், விதைக்கு விடுகிற பயிர், சங்கு மாதிரி வெள்ளை. நடுவில் இருநூறு அடி இருந்தால் அதிகம். மேற்கே நான், கிழக்கே அவள். காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. விஷயம் இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு இதை எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை.

இந்தக் காற்றைப் பற்றி நான் சொல்லாத கதை கிடையாது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, ஆனியில் பிடித்தால் ஆவணி முடிகிறவரை விடாது. ஒருதரம் கொடியில் காய்ந்த என் வேட்டியை உருவிக்கொண்டு போய்விட்டது, மூன்றாம் நாள் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், ஏதப்பா இது என்றால், 'சும்மா நின்னுட்டிருந்தனுங்க, காத்தே வந்து கட்டிவிட்டுட்டுப் போயிருச்சு' என்கிறான் என்று டீக்கடையில் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை, ஆனால் ஒருத்தனும் டீயை வாயில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழனாத்தாள் கேட்டாள், வேட்டிக்குக் கரை என்ன கலரென்று சொன்னீங்க. சொல்லலையே என்றேன். பச்சைக் கரைன்னு சொல்லியிருக்கோணும், இல்லாட்டி அது உங்க வேட்டிதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எவனாச்சும் கேப்பானல்ல, என்றாள். நாற்பத்தாறு வருஷம் என்னோடு இருந்தவள், என் கதை ஒன்றைக்கூட நம்பினவளில்லை, ஓட்டை இருந்தால் அடைத்துக் கொடுப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தாள், மாரை அடைக்கிறாப்பல இருக்குது என்று படுத்தாள். அப்புறம் எழவில்லை. மூன்று மாதம் ஆகிறது. சுடுகாட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது தெரிந்தது, ஏதாவது செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது, பக்கத்தில் நின்றவரிடம் இன்னைக்கு மழை வருமுங்களா என்று கேட்டேன். வரும் என்றார். வரவில்லை. அதுமட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, வரவில்லை.

சட்டைப்பையில் போன் அடிக்கிறது. வசந்தாமணியாகத்தான் இருக்கும். இன்றைக்குப் பத்து மணிக்கு விதைச் சான்று அதிகாரி வருகிறார், பூக்கும் சமயத்தில் வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம், பயிரை மட்டும் பார்க்க மாட்டார், சுற்றிலும் யார் என்ன போட்டிருக்கிறார்கள், எப்போது போட்டார்கள் என்றும் பார்ப்பார். போன் அடித்து ஓய்ந்தது. சுற்றிலும் பார்ப்பது ஏனென்றால், சோளத்தின் குணம் அப்படி. கதிரிலிருந்து மீசை வருகிறதே, அது அலங்காரத்துக்கு வருவதில்லை, ஒரு நூலுக்கு ஒரு மணி, நூலின் நுனியில் எந்தத் தூள் விழுகிறதோ அந்த மணி அந்த நிறம். வெள்ளைச் சோளத்து நூலில் என் சோளத்துத் தூள் விழுந்தால் கதிரை உரிக்கிறபோது வெள்ளைப் பல்வரிசையில் கறுத்த பல்லாக அது உட்கார்ந்திருக்கும். மறைக்க முடியாது. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று இருந்தாலே விதைக்கு ஆகாது என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். கம்பெனி ஆள் முதல் நாளே சொன்னான், பக்கத்தில் வேறு சோளம் இருந்தால் நானூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இடம் இல்லாவிட்டால் இருபத்தைந்து நாள் தள்ளி விதைக்க வேண்டும், ஒன்று பூத்து ஓய்ந்தபிறகு இன்னொன்று பூக்க வேண்டும் என்று. எங்களுக்கு இடம் இல்லை, நாள் இருந்தது. பழனாத்தாள்தான் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தாள். உங்கப்பன் விசாகத்தன்னைக்கு வெதைக்கட்டும், நீ அதிலிருந்து இருபத்தஞ்சாம் நாள் வெதை, என்று நாட்காட்டியில் தாளை எண்ணி, இருபத்தைந்தாவது தாளின் மூலையை மடித்துவைத்தாள். அவள் செத்தபிறகும் அந்த மூலை மடிந்தே இருந்தது. தாளைக் கிழிக்க ஆள் இல்லாததால் நாட்காட்டி செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது, ஆனால் மூலை மடிந்திருந்தது.

வசந்தாமணிக்கு இது முதல் தடவை. அவள் பேரில் நடக்கிற முதல் பயிர். சம்பந்தியம்மாள் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றார், ஊருக்கெல்லாம் விதை கொடுக்கறதுன்னா வாக்குச் சுத்தம் வேணும், நீ யாரு பொண்ணு, என்றாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். அவர் சொல்வதிலும் தப்பில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் வீட்டாரிடம், எங்க காளைமாடு பஸ் போர்டைப் படிக்கும், பழனி வண்டி வந்தா வழி விடும், பொள்ளாச்சி வண்டி வந்தா விடாது, எங்க மாமனார் ஊர் பழனிப் பக்கம், என்று சொல்லிவைத்தவன் நான். மாப்பிள்ளை சிரித்துவிட்டார், அதனால் கல்யாணம் நடந்தது. ஆனால் சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை, இன்றுவரை அந்தக் காளை சௌக்கியமா என்றுதான் என்னைக் கேட்பார். இந்த விதை தள்ளுபடியானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வசந்தாமணி வீட்டோடு இருக்க வேண்டும், அப்படித்தான் பேச்சு. அவள் சரியென்று ஒத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஒரு போகம் பார்க்கறனுங்க அத்தை, கெட்டுதுன்னா நானே கைய எடுத்துக்கறேன். நாற்பத்துநாலு வயசில் அவள் கேட்ட ஒரே ஒரு போகம். நேற்று அவள் பக்கத்தில் மீசை வந்தாயிற்று என்று தலைமதகுக்காரன் சொன்னான். பட்டு மாதிரி, வெளிறின பச்சையில், எல்லாக் கதிரிலும்.

கருமாதி முடிந்த மறுநாள் எல்லாரும் போனார்கள். மாடு இரண்டையும் வசந்தாமணி ஓட்டிக்கொண்டு போனாள், உங்களால பார்க்க முடியாதுங்கப்பா என்று. தோட்டத்துச் சாளை வீட்டில் நானும் விதைப்பையும் இருந்தோம். இரண்டு நாள் கழித்து விசாகம். அன்று காலையில் எழுந்து செருப்பைப் போட வேண்டும் என்று நினைத்தேன். செருப்பு கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. காலை நீட்டினால் போதும். கூரைத் தகட்டில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று, அதன் வழியாக வெயில் விழும், காலையில் சுவரில் விழுவது மத்தியானம் தரைக்கு இறங்கும், சாயங்காலம் அந்தப் பக்கத்துச் சுவரில் ஏறும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் என்று சொல்ல மாட்டேன். துக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், என் அப்பன் செத்தபோது தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இது அப்படி இல்லை. பல் பிடுங்குகிறதற்கு ஊசி போட்டால் உதடு நம்முடையது இல்லாமல் போகுமே, அதுமாதிரி, உடம்பு முழுக்க. வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை. அன்று சாயங்காலம் போன் வந்தது, வசந்தாமணி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து. சம்பந்தியம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, ஆபரேஷன், மூன்று வாரம் கூட இருக்க வேண்டும். அம்மாவுக்குக் காரியம் முடித்த கையோடு இன்னொரு கட்டில் ஓரத்தில் போய்த் தரையில் படுத்திருக்கிறாள் பிள்ளை. வெதச்சீங்களாப்பா என்றாள். விசாகமும் அதுவுமா வெதைக்காம இருப்பனா கண்ணு, என்றேன். வாய் தானாகப் பேசியது. காலையில் ஏர் பூட்டுகிறாப்போல டிராக்டருக்குச் சூடம் காட்டினேன், விதைக்க விதைக்கப் பின்னாலேயே மயில் ஒன்று வந்தது, பொறுக்குகிறதோ என்று பார்த்தால் பொறுக்கவில்லை, காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வருகிறது, என்றேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் சிரித்தது கேட்டது. போனை வைத்துவிட்டு மறுபடி ஓட்டையைப் பார்த்தேன்.

அப்படித்தான் போனில் என் சோளம் வளர்ந்தது. ஆறாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் இரண்டு இலை விட்டது. பதினைந்தாம் நாள் படைப்புழு விழுந்தது, நான்தான் விழவைத்தேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா, அந்த ஓட்டையைப் பழனாத்தாளாக இருந்தாலும் அப்படித்தான் அடைத்திருப்பாள். குருத்துக்குக் குருத்து மணல் போட்டேன் கண்ணு, இடுப்பு விட்டுப்போச்சு, என்றேன். அய்யோ, நீங்க ஒருத்தரே ஏனுங்கப்பா செய்யறீங்க, ஆளு வெச்சுக்கக் கூடாதா, என்றாள். கட்டிலில் படுத்துக்கொண்டு இடுப்பைத் தடவிவிட்டேன், வலிப்பது மாதிரிகூட இருந்தது. போனில் பேசுகிற அந்த ஐந்து நிமிஷம்தான் நான் இருந்தேன், மிச்ச நேரம் யார் இருந்தார்கள் என்று தெரியாது. இருபத்திரண்டாம் நாள் காலையில் எலி விதைப்பையைக் கடிக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். ஏன் அன்று எழுந்தேன், ஏன் அதற்கு முந்தின நாள் எழவில்லை, இதற்கு என்னிடம் கதைகூட இல்லை. டிராக்டரைக் கூப்பிட்டு அன்றே விதைத்தேன். மயில் வந்ததா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கு மூன்றாம் நாள் வசந்தாமணி கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கி, மூலை மடித்த கணக்குப்படி, தன் காட்டில் விதைத்தாள்.

மூன்று நாள் இருந்தது. இதில்தான் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன். இருபத்திரண்டு நாளை விட்டுவிடலாம், அது யாருக்கோ நடந்தது. மூன்று நாள் எனக்கு நடந்தது. எழுந்து நடமாடினேன், போன் பையில் இருந்தது, கண்ணு கொஞ்சம் பொறு, நான் இப்பத்தான் வெதச்சேன், நீ அடுத்த மாசம் போடு, என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும். அதற்குப் பதில் முழங்கால் உசரம் வந்துருச்சு என்றேன். அவள் விதைக்கிற அன்று விடியக்காலையில் நானே அவள் காட்டில் போய் நின்றேன், உதவிக்கு வந்தேன் என்று. தினமும் போனேன். நான் அங்கே போனால் அவள் இங்கே வர வேண்டியதில்லை. தண்ணீர் திறந்ததில் வாய்க்கால் மேலிருந்த பலகையும் அடித்துக்கொண்டு போயிற்று, இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் மதகைச் சுற்றி இரண்டு மைல், அந்த விஷயத்தில் கடவுள்கூட என் பக்கம் ஓட்டை அடைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து ஒருநாள் அப்படிச் சுற்றி வந்துவிட்டாள். என்னங்கப்பா, இம்புட்டுத்தான் வந்திருக்குது என்றாள். இந்த ரகம் மெதுவாத்தான் கண்ணு உசரும், பூ மட்டும் நாளுக்கு வந்துரும்னு கம்பெனிக்காரன் சொன்னான், என்றேன். பதினைந்து நாளைக்கு முன்னால், கொண்டை வந்துருச்சுங்களா என்று கேட்டாள். வந்து கொட்டி முடிஞ்சு காஞ்சும் போச்சு என்று சொல்லி, காய்ந்த கொண்டை ஒன்றை அவள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். குப்பணன் காட்டில் ஒடித்தது, இங்கிருந்து மூன்று மைல். அவள் அதை வாங்கி உதறிப் பார்த்தாள், தூள் இல்லை, சந்தோஷமாக வேலியில் செருகிவைத்தாள். அவள் விரல் அதை வாங்கினபோதாவது எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். என்ன ஆயிற்று என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன். நன்றாகச் செய்தோம் என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

வெயில் ஏறுகிறது. இலையில் இருந்த பனி போய்விட்டது, பனி போனால்தான் கொண்டையில் தூள் பை வெடிக்கும், இப்போது இன்னும் கொஞ்சம் செடி கொட்டும். கொசுத்தேனீ வந்துவிட்டது, கொண்டைக்குக் கொண்டை தொங்கிக்கொண்டு காலில் மஞ்சள் மூட்டை கட்டுகிறது. பச்சை மாவு வாசம். காற்று ஒரு தடவை அடித்து நின்றது, மறுபடி அடித்தது, அடிக்கிறபோதெல்லாம் என் சோளத்திலிருந்து புகை மாதிரி ஒன்று கிளம்பி என் தலைக்கு மேலே போகிறது, போகிற வழியில் வேட்டியில் கொஞ்சம் உட்காருகிறது, மிச்சம் வாய்க்காலைத் தாண்டுகிறது. நான் எழுந்து நின்று கையை விரித்தால் எவ்வளவு தடுப்பேன். வேட்டியை அவிழ்த்துப் பிடித்தால் எவ்வளவு தடுக்கும். இது நான்கு நாளுக்கு முன்னால் குருத்தில் முறுக்கிக்கொண்டு தெரிந்ததுமே சொல்லியிருந்தால் பத்துப் பெண்கள் வந்து பொழுது சாய்வதற்குள் கொண்டையை ஒடித்துத் தள்ளியிருப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு என்று நினைத்தேன். அந்த நாளைக்கு, இன்றைக்கு. தலைக்கு மேலே போகிற தூள் ஒவ்வொன்றும் ஒரு நூலைத் தேடிப் போகிறது, நூல் தன் பாட்டுக்கு ஈரமாக நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது, அதற்கு எது யாருடையது என்று தெரியாது, வந்ததை வாங்கிக்கொள்ளும், நான் சொன்னதையெல்லாம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று வாங்கிக்கொண்டாளே, அதுமாதிரி. போன் மறுபடி அடித்தது. பாட்டுப் பாடி முடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மதகுப் பக்கமிருந்து மொபட் சத்தம்.

வசந்தாமணி சேலைக்கு மேலே மாப்பிள்ளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். காட்டு வேலைக்குப் போடுகிற சட்டை. தலையில் துண்டு. வண்டியை நிறுத்தாமலே கத்தினாள்.

"ஏனுங்கப்பா, போனை எடுத்தா கை சுட்டுருமா?"

"எடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"எந்திரிங்க. ஆப்பீசர் குடிமங்கலம் தாண்டிட்டாராம். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து சொல்லோணும்னு கேக்கறாரு. வந்து நின்னு, விசாகத்தன்னைக்கு வெதச்சனுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மயிலு, மாடுன்னு ஆரம்பிச்சிராதீங்க. தேதி மட்டும்."

நான் எழவில்லை. அவள் என் தலைக்கு மேலே பார்த்தாள். வண்டியை அப்படியே சாய்த்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கிப் போனாள். முதல் செடியின் கொண்டையைத் தொடவில்லை, அதற்குக் கீழே உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். காற்று வந்து போயிற்று. உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்னங்கப்பா?"

என்னிடம் பதில் இருந்தது. பக்கக்கிளை வெடித்துப் பின்பூ பூக்கிறது, இந்த ரகத்தில் அப்படி வரும், தூளுக்கு உயிர் இருக்காது என்று கம்பெனிக்காரன் சொன்னான். நல்ல பதில். நாக்கில் உட்கார்ந்திருந்தது. அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. வாயைத் திறந்தேன்.

"விசாகத்தன்னைக்கு வெதைக்கல."

"பின்னே?"

"நீ வெதைச்சதுக்கு மூணு நாள் முந்தி."

"வெளையாடாதீங்க. ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே முழங்கால் உசரம்னீங்க."

"இல்ல."

"புழு விழுந்துச்சு, மணல் போட்டேன்னீங்க."

"போடல."

"மயிலு?"

"மயிலும் இல்ல கண்ணு."

"வேலியில சொருகி வெச்சிருக்கறனே, அந்தக் கொண்டை?"

"குப்பணன் காட்டுது."

அவள் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். துடைத்த இடத்தில் மஞ்சளாகக் கோடு விழுந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். அவளுக்கு அம்மாவின் குரல், திட்டினால் மதகுவரைக்கும் கேட்கும்.

"அத்தன நாளும் என்னதான் பண்ணுனீங்க?"

"கட்டில்ல கெடந்தேன்."

"எத்தன நாளு?"

"இருபத்திரெண்டு."

"அம்மா செத்ததாச்சும் நெசந்தானுங்களா?"

நெசந்தான் என்றேன். செத்துட்டா, நெசந்தான், என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததில்லை, எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருந்தது. சொன்னபிறகு முழங்கையில் என்னவோ அரித்தது. தூள்தான். தட்டிவிட்டேன்.

வசந்தாமணி போனை எடுத்தாள். "சின்னப்பொண்ணக்கா, கையில இருக்கற வேலையப் போட்டுட்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டு எங்கப்பன் தோட்டத்துக்கு வாங்க. ஆமா, இப்பவேதான். சாக்கு எடுத்துக்குங்க, வாய்க்கால்ல முக்கி எடுத்துட்டு வாங்க, ஒடிச்சதுமேல போட்டு மூடோணும்." வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள், "என் பக்கம் கரை ஓரத்து வரிசை இனி ஆகாது. அந்தக் கதிரையெல்லாம் ஒடிச்சுப் போட்டர்றேன். உள்ளாற எவ்வளவு பொழைக்குதுன்னு உரிக்கறப்பத்தான் தெரியும்."

"ஆப்பீசர்கிட்ட?"

"நடந்ததச் சொல்றன். இந்தக் குடும்பத்துல ஒருத்தராச்சும் சொல்லோணுமில்ல." துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "எந்திரிங்க. தூள் கொட்டறதை மொதல்ல ஒடிக்கோணும். ஆட்டாம ஒடிங்க. ஒடிச்சதத் தலைகீழாப் புடிச்சுச் செடிக்கு அடியில போடுங்க, வீசாதீங்க. உங்களுதுல ஒரு மணி புடிக்காது, தெரியுமல்ல?"

"சோளத்தட்டு மாட்டுக்காகும்."

"மாடு எங்கிட்ட இருக்குது" என்றாள்.

நான் ஒரு வரிசை, அவள் அடுத்த வரிசை. சோளம் ஆள் உயரத்துக்கு மேலே இருந்ததால் அவள் தெரியவில்லை, ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் சத்தம் சீராக இருந்தது, டக், டக் என்று, என்னுடையது விட்டுவிட்டு. இடது கையால் தண்டைப் பிடித்து வலது கையால் கொண்டையின் கழுத்தை மடக்கினால் ஈரமாக முறியும், உள்ளே வெள்ளையாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு செடி போயிருப்பேன். கை வேலையைத் தெரிந்துவைத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, சத்தம் நிற்காமல்.

"தெனமும் சாப்டாச்சான்னு கேட்டனல்ல. ஆச்சு ஆச்சுன்னீங்க. கொள்ளுப்பருப்பு வெச்சேன், ரசம் வெச்சேன்னெல்லாம் சொன்னீங்க."

நான் அடுத்த கொண்டையை மடக்கினேன்.

"என்னத்தச் சாப்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். பொய்யாக ஒன்றும் வரவில்லை, நிஜமாகவும் ஒன்றும் வரவில்லை, கொஞ்ச நேரம் வெறும் கூரை ஓட்டைதான் வந்தது. அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சாக்கு ஒன்று, வாய் அவிழ்ந்து, படுத்தபடியே கையை விட்டு எடுக்கிற தூரத்தில்.

"பொரி."

"என்ன பொரி?"

"கருமாதிக்கு வாங்குனது. மூட்டையில மீந்து கெடந்துது. தண்ணி தெளிச்சுச் சாப்ட்டேன்."

"இருபத்திரெண்டு நாளுமா?"

"ஆமா கண்ணு."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. நானும் நிறுத்தினேன். காற்று வந்து சோளத்தை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போயிற்று, இன்னும் ஒடிக்காத கொண்டைகளிலிருந்து தூள் எழும்பி வாய்க்கால் பக்கம் போனது, அவள் அதைப் பார்த்திருப்பாள், பார்த்தும் ஒடிக்கவில்லை. ஒடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, அடுத்த வரிசையில் இலைகளுக்கு நடுவே, மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதற்கப்புறம் டக் என்று ஒன்று. அதற்கப்புறம் வேகமாக, ஒன்றன்மேல் ஒன்றாக.